இருவராகத் துறத்தல்

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, அவர்களுக்குக் கல்வியும் மணவாழ்வும் அமைத்துக் கொடுத்து, தொழிலிலிருந்தும் ஓய்வு பெற்று, இனித் தன்னை அவசரமாகத் தேடி வருவார் ஒருவருமில்லை என்ற நிலையை அடைந்துவிட்ட மனிதனுக்கு எஞ்சியிருக்கும் காலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை எல்லாச் சமயங்களும் ஏதோ ஒரு வகையில் கேட்டிருக்கின்றன. அது அவனுக்கே சொந்தம், ஆகையால் இளைப்பாறுக என்று உலகம் சொல்லுகிறது; அது கடவுளுக்குச் சொந்தம், ஆகையால் ஒதுங்கியிருந்து தியானம் செய்க என்று சமய நூல்களிற் பல சொல்லுகின்றன. இவ்விரு விடைகளுக்கும் அப்பால், அது இதுவரை முகமறியாத அயலாருக்குச் சொந்தம் என்று துணிந்து, முதிய கணவனும் மனைவியுமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவிலுள்ள ஒரு சிறு தீவிற்குப் போய் ஊழியம் செய்கிற வழக்கம் ஒன்று நம் காலத்தில் நிலவி வருகிறது. அந்த வழக்கம் தன்னளவில் சிந்திக்கத் தக்கது. அது எழுப்புகிற தத்துவ வினாவோ, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தபடியே எண்ணிப் பார்க்க வேண்டியது.

1830ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் ஸ்தாபிக்கப்பட்டு, இன்று யூட்டாவிலுள்ள சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை உலகம் மார்மன் சபை என்ற பெயராலேயே மிகுதியும் அறியும். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, இருவர் இருவராக வீடு வீடாகச் செல்லும் அச்சபையின் இளைஞர்களைப் பல நாட்டவரும் கண்டிருப்பார்கள். ஆனால் அதே சபை, பேரன் பேத்திகளைக் கண்டுவிட்ட தம்பதிகளையும் ஊழியத்திற்கு அழைக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. இவ்வாறு போகிறவர்கள் 6 மாதம் முதல் 23 மாதம் வரையில், தம் சொந்தச் செலவிலேயே, ஊதியம் யாதொன்றுமின்றித் தொண்டு செய்கிறார்கள். செல்ல வேண்டிய இடத்தைப் பற்றித் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். ஆயினும் முடிவு செய்வது சபைத் தலைமையே. இளைஞர்களைப் போல வீடு வீடாக ஏறி இறங்க வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, இளம் ஊழியர்களின் உடல்நலத்தைக் கவனிப்பது, குடிநீருக்கும் சுகாதாரத்திற்குமான ஏற்பாடுகளை மேற்பார்ப்பது, அலுவலகக் கணக்கு எழுதுவது, ஆலயத்தில் பணி புரிவது, குடும்பங்களின் மூதாதையர் வரலாற்றைத் தொகுக்க உதவுவது என்று, நேற்றுவரை தாம் செய்து பழகிய காரியங்களையோ அவற்றிற்கு அடுத்த காரியங்களையோ அவர்கள் மேற்கொள்ளுகிறார்கள். டாக்டராகவோ பேராசிரியராகவோ வியாபாரியாகவோ இருந்தவருக்கு அங்கே ‘எல்டர்’ என்ற பெயர்தான். அவர் மனைவிக்கு ‘சிஸ்டர்’ என்ற பெயர்தான். பதினெட்டு வயது இளைஞனுக்கும் அதே பெயர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி, அவர்கள் போய்ச் சேருகிற இடத்தைச் சற்றே மனக்கண்ணால் பார்ப்போம். முன்னாளில் கில்பர்ட் தீவுகள் என வழங்கி, இன்று கிரிபட்டி என்னும் தனி நாடாக விளங்கும் தீவுக்கூட்டத்தில் தராவா என்பது ஒரு பவளத்தீவு. ஒரு பக்கம் பொங்கும் பெருங்கடல், மறுபக்கம் அமைதியான காயல், இரண்டிற்கும் இடையே நீண்டு வளைந்து கிடக்கும் சிறு கீற்றுப் போன்ற மணல்நிலம். அதன் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திற்கு மேல் எழுவதில்லை. மலையும் இல்லை, ஆறும் இல்லை. மழைநீர் மணலுக்கடியில் இறங்கி உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குவதே கிணற்று நீர். தென்னையும் தாழையும் ஈரப்பலாவும், ஆழக் குழி தோண்டி அந்நீர்மட்டத்தை எட்டிப் பயிரிடும் ஒருவகைப் பெருங்கிழங்கும், கடல் தரும் மீனும் அம்மக்களைக் காலங்காலமாகக் காத்து வந்தன. ஒவ்வோர் ஊரின் நடுவிலும் ‘மனியாபா’ என்னும் பெரிய பொதுக்கூடம், தென்னோலையோ தாழை ஓலையோ வேய்ந்த உயர்ந்த கூரையோடு நிற்கும். அங்கே இன்ன குடும்பத்தார் இன்ன இடத்தில்தான் அமர வேண்டும் என்ற முறைமை உண்டு. ஊர்க்காரியங்களில் முதியோர் சொல்லுக்கே முதலிடம். இத்தகைய இடத்திற்கு, நீரும் மின்விளக்கும் மருந்துக்கடையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து வாழ்ந்து பழகிய இருவர், அறுபத்தைந்து அல்லது எழுபது பிராயத்தில், ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு இறங்குகிறார்கள்.

இங்கேதான் நாம் கேட்க வேண்டிய வினா தோன்றுகிறது. வீட்டை விட்டார்கள், சொந்த ஊரை விட்டார்கள், பேரக்குழந்தைகளின் முகத்தை விட்டார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் விடவில்லை. இதைத் துறவு என்று சொல்லலாமா? பற்றுக்களில் எல்லாம் ஆழமான பற்று தாம்பத்தியப் பற்று என்றால், அதைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்மையில் எதைத்தான் துறந்தார்கள்?

சமயங்கள் இக்கேள்விக்கு ஒரே குரலில் விடை தரவில்லை. நம் நாட்டு ஆசிரம தர்மத்தில், தலை நரைத்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததைக் கண்ட இல்லறத்தான் வனம் புகலாம் என்று சொன்ன மனு, மனைவியைப் புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவும், உடன் அழைத்துப் போகவும் இரு வழிகளையும் திறந்து வைத்தார். தொல்காப்பியரோ, ஆண்டு முதிர்ந்த காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடியிருந்தே சிறந்ததைப் பயிலுவதை இல்வாழ்வின் பயனாகக் கற்பியலில் வைத்தார். கிறிஸ்தவ மரபில், தம்மைப் போல மணமின்றி இருப்பதே ஊழியத்திற்கு உகந்தது என்று கொரிந்தியருக்கு எழுதிய அதே பவுல் அடிகளுக்கு, கூடாரம் தைக்கும் தொழிலாளிகளான அக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கணவன் மனைவியாகவே உடனுழைத்தார்கள். கற்றறிந்த அப்பொல்லோவுக்கு மார்க்கத்தின் நுட்பத்தை எடுத்துச் சொன்னவர்கள் அவ்விருவரே. கத்தோலிக்கத் திருச்சபை தன் குருமார்களைத் தனியராகவே கடல்கடந்து அனுப்பியது. லண்டன் மிஷனரி சங்கமோ, 1797ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தாஹிட்டியின் மடாவாய் வளைகுடாவில் நங்கூரமிட்ட ‘டஃப்’ என்ற கப்பலில், மணமான ஊழியர்கள் சிலரை அவர்தம் மனைவியரோடும் குழந்தைகளோடும் அனுப்பி வைத்தது. ஆக, தனிமையே துறவின் இலக்கணம் என்ற கொள்கை எக்காலத்திலும் எதிர்ப்பின்றி ஆண்டதில்லை.

மார்மன் சபையின் கோட்பாட்டிலோ தாம்பத்தியத்திற்கு வேறெங்கும் இல்லாத ஓர் உயரம் உண்டு. அவர்களுடைய ஆலயத்தில் முத்திரை செய்யப்பட்ட விவாகம் மரணத்தோடு முடிவதில்லை, மறுமையிலும் தொடருவது, பிள்ளைகளும் மூதாதையரும் அந்தச் சங்கிலியில் பிணைக்கப்படுகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. உறவே மோட்சத்தின் வடிவமாக இருக்குமானால், உறவை அறுத்துக்கொண்டு மோட்சத்தை நாடுவது பொருளற்றதாகிவிடும். ஆகவே, முதிய தம்பதி சேர்ந்து ஊழியத்திற்குப் போவது அச்சபையாருக்கு வசதியை உத்தேசித்த ஏற்பாடன்று. அவர்களுடைய தத்துவத்திலிருந்து இயல்பாகவே விளைந்த கனி. ஆயினும், அந்தச் சபையே இந்த ஞானத்தை முதலிலேயே கைக்கொண்டுவிட்டது என்று சொல்லுவதற்கில்லை. அதன் பசிபிக் வரலாறு ஒரு பிரிவின் துயரத்தோடுதான் தொடங்குகிறது.

அடிசன் பிராட் என்ற பழைய கப்பற்காரர், 1843ஆம் ஆண்டில் தம் மனைவி லூயிசாவையும் நான்கு பெண் குழந்தைகளையும் இல்லினாய் மாகாணத்து நாவூ நகரில் விட்டுவிட்டு, வேறு மூவரோடு பசிபிக் தீவுகளுக்குப் புறப்பட்டார். அம்மூவரில் நோல்டன் ஹாங்க்ஸ் என்பவர் நடுக்கடலிலேயே நோயால் இறந்தார். 1844ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், தாஹிட்டிக்குத் தெற்கேயுள்ள தூபுவாய் தீவில் பிராட் இறங்கி, அங்கிருந்த மக்களின் வேண்டுகோளுக்கிணங்கி அங்கேயே தங்கினார். அவர் தீவுமக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய அன்பையும் பெற்று வாழ்ந்த அந்த ஆண்டுகளில், லூயிசா அம்மையாரோ கலகங்களால் நாவூவை விட்டு வெளியேற்றப்பட்ட அச்சபை மக்களோடு மக்களாக, கணவன் துணையின்றிக் குழந்தைகளை வண்டியிலேற்றிக்கொண்டு, சமவெளிகளைக் கடந்து 1848இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். அதே ஆண்டில் பிராட் திரும்பி வந்தபோது, இளைய பெண்களுக்குத் தந்தையின் முகமே புதிதாயிருந்திருக்கும். பிறகு இரண்டாம் முறை அவர் அழைக்கப்பட்டுப் புறப்பட்டதும், இம்முறை லூயிசாவும் பெண்களோடு பின்தொடர்ந்து, 1850ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தூபுவாயில் கரையேறினார். கரையில் கணவர் இல்லை. தாஹிட்டியில் பிரெஞ்சு அதிகாரிகளால் தடுத்து வைக்கப்பட்டிருந்த அவர், சில மாதங்கள் கழித்தே வந்து சேர்ந்தார். அதற்குள் அம்மையார் தீவுப் பெண்களோடு பழகத் தொடங்கிவிட்டார். அவர்களுக்குத் தையலும், குழந்தைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். தாமும் அவர்கள் மொழியைச் சிறிது சிறிதாகக் கற்றார். பிரெஞ்சு அரசாங்கத்தின் கட்டுப்பாடுகளால் 1852இல் அவர்கள் அனைவரும் அத்தீவுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

இவ்வரலாற்றின் இறுதிப் பகுதி நெஞ்சை உறுத்துவது. சில ஆண்டுகளுக்குப் பின், அடிசன் கலிபோர்னியாவில் தங்கிவிட, லூயிசா யூட்டாவில் பீவர் என்னும் ஊரில் தனியே குடியேறி, எஞ்சிய வாழ்நாளைப் பெரும்பாலும் பிரிந்தே கழித்தார்கள். அதற்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் வளர்ந்த ஆண்டுகளை மற்றவர் காணாமலே கழித்த அந்த நீண்ட பிரிவு அவற்றுள் ஒன்று என்று கருதுவதில் தவறில்லை. கடவுளின் பெயரால் கணவன் போகிறான். மனைவி வறுமையோடு காத்திருக்கிறாள். ஊரார் கணவனின் தியாகத்தைப் புகழுகிறார்கள். மனைவி செய்த தியாகத்தைக் கணக்கில் சேர்ப்பவர் இல்லை. அந்நாளில் பல குடும்பங்களில் இதுவே நிகழ்ந்தது. ஒருவன் துறக்கும்போது, அவன் துறந்ததன் பாரத்தைச் சுமப்பவள் வேறொருத்தி என்றால், அந்தத் துறவில் பாதி கடன் வாங்கிய துறவு. இன்றைய முதிய தம்பதிகள் சேர்ந்து போவதில் முதலில் எனக்குத் தென்படும் நியாயம் இதுதான்: அவர்கள் செய்யும் தியாகத்தின் விலையை அவர்களே கொடுக்கிறார்கள்.

ஆனால் இதைவிடக் கடுமையான ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மறைத்துவிட்டு இப்பொருளைப் பேசுவது நேர்மையாகாது. போதிக்கிறேன் என்று போகிற உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? வெளியாரின் வருகையால் பசிபிக் தீவுகள் அடைந்த துன்பம் கொஞ்சமன்று. 1839ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லண்டன் மிஷனரி சங்கத்தின் புகழ்பெற்ற ஊழியரான ஜான் வில்லியம்ஸ், இன்று வனுவாட்டு எனப்படும் நாட்டின் எரோமங்கோ தீவில் இறங்கியவுடன் கொல்லப்பட்டார். அத்தீவினர் அதற்கு முன்பே சந்தனமர வியாபாரிகளின் கொடுமையை அநுபவித்திருந்தவர்கள். அதே தீவில் 1861ஆம் ஆண்டு, கப்பல்கள் கொண்டுவந்த தட்டம்மை ஏராளமான உயிர்களைக் கொள்ளைகொண்டபோது, ஜார்ஜ் கார்டன், எல்லன் என்ற ஊழியத் தம்பதியே அந்நோய்க்குக் காரணம் என்று கருதிய தீவினர், அவர்களைக் கொன்றார்கள். அவ்விருவர் நெஞ்சில் தீமை இல்லை. ஆயினும் இறந்த குழந்தைகளைப் புதைத்த தாய்மாருக்கு, வந்தவர்களின் நல்லெண்ணத்திற்கும் அவர்களோடு வந்த கப்பல்களின் நோய்க்கும் உள்ள பேதம் எப்படிப் புலப்பட்டிருக்கும்? 2009ஆம் ஆண்டில் ஜான் வில்லியம்ஸின் வழித்தோன்றல்களும் எரோமங்கோ மக்களும் அத்தீவிலேயே கூடி, முறைப்படி சமாதானம் செய்துகொண்டார்கள் என்பது, அந்தக் காயம் எத்தனை தலைமுறைகள் ஆறாமல் இருந்தது என்பதையும் உடன் சொல்லுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து எண்ண வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. தீவுமக்கள் போதனையைப் பெற்றவர்களாக மட்டும் இருந்துவிடவில்லை. ரரோட்டோங்காவில் 1839இல் தோன்றிய தக்காமோவா கல்லூரியிலும், சமோவாவில் 1844இல் தோன்றிய மாலுவா கல்லூரியிலும் பயின்ற தீவுவாசிகள், தம் மனைவியரோடு ஓடங்களிலும் கப்பல்களிலும் ஏறி, அயல் தீவுகளுக்கும் பாப்புவாவுக்கும் ஊழியர்களாகப் போனார்கள். மங்கையா தீவைச் சேர்ந்த ருவாட்டோக்கா என்பவர் தம் மனைவியோடு பாப்புவாவை அடைந்து, 1873 முதல் இன்றைய போர்ட் மோரஸ்பி இருக்குமிடத்தில் வாழ்ந்து, 1903இல் அந்த மண்ணிலேயே மறைந்தார். அவரைப் போலச் சென்ற தம்பதிகளுள் மிகப்பலர் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையானார்கள். அவர்களுடைய கல்லறைகள் பலவற்றிற்குப் பெயரும் இல்லை. கிரிபட்டியில் மார்மன் சபை வேரூன்றியதும் இவ்வாறே: 1970களில் டொங்காவின் லியஹோனா பள்ளிக்குப் படிக்கப் போன தீவின் பிள்ளைகளே அங்கு அச்சமயத்தைத் தழுவி, ஊழியர்களாகத் தம் ஊருக்குத் திரும்பினார்கள். ஆகவே, இன்று ஒரு பசிபிக் தீவில் இறங்கும் அமெரிக்க முதியவர், இருளில் இருப்போருக்கு ஒளி கொண்டு வருகிறேன் என்று எண்ணுவாராயின், அவர் எண்ணம் முற்றிலும் பிழை. தமக்கு முன்பே அங்கே பிரார்த்தனை செய்துகொண்டிருந்தவர்களின் வீட்டிற்கு அவர் விருந்தாளியாக வந்திருக்கிறார்.

இந்த உண்மையை உணருகிற இடத்தில்தான், நாம் முன்பு எழுப்பிய வினாவிற்கு விடை பிறக்கிறது. முதியவர் ஒருவர் துறக்க வேண்டிய பொருள்களுள் அரியது மனைவியுமன்று, வீடுமன்று. தமக்குரியது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கும் ஸ்தானம். நாற்பது ஆண்டுகள் பிறருக்கு உத்தரவிட்டுப் பழகியவர். தம் சொல்லை நான்கு பேர் குறிப்பெடுத்துக்கொள்ளக் கண்டவர். குடும்பத்தில் எந்த விவகாரமும் தம்மைக் கேட்டே முடிவாக வேண்டும் என்ற நிலையில் இருந்தவர். அவரைத் தீவில் எதிர்கொள்ளும் ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதைக் கவனியுங்கள். மார்மன் சபையில் ஊரளவிலான சபைக்குத் தலைமை தாங்கும் ‘பிஷப்’ சம்பளம் பெறும் குருவல்லர். ஊராரிலிருந்தே சில ஆண்டுகளுக்கென்று அழைக்கப்படும் சாதாரணக் குடும்பஸ்தர். தராவாவில் அவர் முப்பத்தைந்து வயதுப் பள்ளி ஆசிரியராகவோ, விடியற்காலையில் வலையோடு காயலுக்குப் போய் வருகிறவராகவோ இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் சபையை நடத்துபவர் அவர். தம் மகன் வயதுகூட ஆகாத அந்த மனிதரின் முன்னால், அறுபத்தெட்டு வயது முதியவர், ‘ஐயா, எங்களால் ஆகக்கூடிய வேலை என்ன?’ என்று கேட்டு நிற்க வேண்டும். அவர் சொல்லும் வேலை தமக்குச் சிறியதாகத் தோன்றினாலும் செய்ய வேண்டும். அவர் ஒரு காரியத்தைச் செய்யும் முறையைவிடச் சிறந்த முறை தமக்குத் தெரியும் என்று தோன்றினாலும், கேட்டாலன்றிச் சொல்லாதிருக்க வேண்டும். காட்டில் காய்கனி உண்டு தவம் புரிவதற்கு உடலின் உறுதி போதும்; இதற்கு வேண்டியது அகந்தையின் வேரையே அசைக்கும் உறுதி.

மொழியும் அந்தத் தவத்தின் ஒரு பகுதியே. கிரிபட்டியில் ஆங்கிலமும் வழங்கினாலும், மக்கள் அழுவதும் சிரிப்பதும் தம் தாய்மொழியில்தான். இந்த மொழிக்கு எழுத்து வகுத்தவர்கள், 1857இல் அபையாங் தீவில் குடியேறிய ஹைரம் பிங்ஹாம், கிளாரிசா என்ற மற்றொரு தம்பதி. உடல்நலம் குன்றித் தீவை விட்டு ஹொனலூலுவுக்குப் போக நேர்ந்த பிறகும், அவர்கள் அந்த மொழியை விடவில்லை. கணவர் மொழிபெயர்க்க, மனைவியார் உடனிருந்து உழைக்க, விவிலியம் முழுவதும் 1890இல் கில்பர்ட் மொழியில் நிறைவுற்றது. பிங்ஹாம் தம் இறுதி ஆண்டுகளிலும் அம்மொழிக்கு அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார். கற்றது போதும் என்று உலகம் சொல்லும் பிராயத்தில், ஒரு சிற்றூர் மக்களின் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வது எத்தகைய பணிவு! இன்று போகிறவர்கள் அத்தனை தூரம் போக முடியாமலிருக்கலாம். ஆனால் தாம் உச்சரிக்கும் பிழைகளைக் கேட்டுக் குழந்தைகள் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டு, மறுபடியும் சொல்லிப் பார்க்கிறவர் பிங்ஹாமின் பள்ளியில் சேர்ந்தவர்தாம்.

இவ்விதம் ஸ்தானத்தை இழந்து நிற்கும் இருவருக்கு, ஒருவர் மற்றவருக்கு யார் என்பதும் மாறிவிடுகிறது. வீட்டிலிருந்தபோது கணவருக்குத் தொழிலும் நண்பர்களும் இருந்தன. மனைவிக்குப் பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் இருந்தனர். நாற்பது ஆண்டுத் தாம்பத்தியம் பெரும்பாலும் இந்த இரண்டு வட்டங்களின் ஓரங்கள் உரசிக்கொண்ட இடத்திலேயே நடந்திருக்கும். தீவில் அந்த வட்டங்கள் இரண்டும் கழன்றுவிடுகின்றன. காலையில் ஒரே வேலைக்குப் புறப்படுகிறார்கள். பெரும்பாலும் வகுப்பறையிலும் கூட்டத்திலும் மனைவியின் சாதுரியமே கைகொடுக்கிறது, கணவர் அருகில் நாற்காலிகளை வரிசைப்படுத்துகிறார். யார் தலைவர், யார் துணைவர் என்ற பழைய பேதம் தானாகவே தளருகிறது. ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவரே செவிலி. ஊரிலிருந்து பேரன் பிறந்த செய்தி வரும் இரவில், அக்குழந்தையை ஏந்த முடியாத கைகளுக்கு ஆறுதலும் ஒருவருக்கொருவரே. இந்த நெருக்கம் எளிதான இன்பமென்று நான் சொல்லவில்லை. மறைத்து வைத்த சிடுசிடுப்புகளும், பேசாமல் ஒதுக்கி வைத்த பழைய மனத்தாங்கல்களும் அந்தச் சிறு வீட்டில் ஒளிய இடமின்றி வெளிப்படும். ஆனால் வெளிப்பட்ட பின் அவற்றை மன்னித்துத் தீர்ப்பதற்கும் அங்கே அவகாசம் உண்டு.

பற்று என்பதை இப்போது நாம் வேறு விதமாகப் பார்க்க முடிகிறது. ‘என் மனைவி, என் கணவன், என் பிள்ளை’ என்று உள்ளே இழுத்து மூடிக்கொள்ளுகிற பற்றே பந்தம். அதே பற்று, இருவரும் ஒரே திசையில் பார்த்து, அயலாரின் துயரத்தைத் தம் வீட்டுத் துயரமாக ஏற்றுக்கொள்ளும்போது சாதனமாகிறது. இருவரும் சேர்ந்து அன்பு செய்யப் பழகியதே அவர்கள் கொண்டு செல்லும் உண்மையான மூலதனம். ஒரு தீவுக் குடும்பத்தில் கணவன் மனைவிக்குள் பூசல் நேர்ந்தால், அவர்கள் தேடி வருவது பெரும்பாலும் பிரசங்கத்தையன்று. நாற்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்து காட்டிய இருவரின் பக்கத்தில் சற்று உட்கார்ந்திருப்பதையே.

இக்கருத்திற்கு மிகச் சிறந்த சான்றாக நான் கருதும் தம்பதி, வெளிநாட்டிலிருந்து தீவிற்கு வந்தவர்களல்லர், தீவில் பிறந்தவர்கள். ஜானதன் நப்பேலா என்பவர் ஹவாயின் மாவுயி தீவில் 1813இல் உயர்குடியில் பிறந்து, கல்வி கற்று, நீதிபதியாக விளங்கியவர். 1852ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மார்மன் சபையில் சேர்ந்த அவர், ஜார்ஜ் கானன் என்ற இளைஞருக்கு ஹவாய் மொழியைக் கற்பித்து, அச்சபையின் வேதநூலான மார்மன் நூலை அம்மொழியில் பெயர்க்கத் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு 1855இல் வெளிவந்தது. அவருக்கு அறுபது வயதாகும் சமயத்தில், அவர் மனைவி கிட்டியைத் தொழுநோய் பற்றியது. அக்காலத்து ஹவாய் அரசாங்கத்தின் சட்டப்படி, தொழுநோயாளர்கள் மோலோக்காய் தீவிலுள்ள கலாவுப்பாப்பா குடியேற்றத்திற்கு அனுப்பப்பட வேண்டும். அங்கே போனவர் திரும்பி வருவதில்லை. நோயில்லாத நப்பேலா, மனைவிக்குத் துணையாளாக இருக்க அனுமதி பெற்று, 1873இல் அவளோடு அங்கே போனார். மனைவிக்காகப் போனவர் மனைவியோடு நின்றுவிடவில்லை. சிலகாலம் குடியேற்றத்தின் மேற்பார்வையாளராக இருந்தார். தம் சபையாரை ஒன்றுகூட்டி வழிபாடு நடத்தினார். அதே 1873ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்த கத்தோலிக்கக் குருவான தமியான் அடிகளாருக்கு, சமய பேதம் பாராத நண்பரானார். நாளடைவில் நோய் அவரையும் பற்றியது. 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் இறந்தார். அதே ஆண்டிலேயே கிட்டியும் இறந்தார்.

மணமே செய்துகொள்ளாத தமியானும், மணத்தை விடாத நப்பேலாவும் அந்தக் கரையில் ஒரே பணியைச் செய்தார்கள். ஒருவர் யாருமில்லாதவராக வந்து எல்லாருக்கும் உரியவரானார். மற்றவர் ஒருத்திக்கு உரியவராக வந்து எல்லாருக்கும் உரியவரானார். இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் கூடியதைக் கண்ட பின்பும், இல்லறத்தின் பற்று மேலான வாழ்விற்குத் தடை என்று எப்படிச் சொல்லுவது? ஒருத்தியின் நோயுற்ற கையை விடமாட்டேன் என்ற பிடிவாதமே, நப்பேலாவை நூற்றுக்கணக்கான நோயாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆகையால், முதிய தம்பதியர் இருவராகத் துறக்கலாமா என்ற வினாவிற்கு என் விடை, துறக்கலாம் என்பது மட்டுமன்று. அவ்வாறு துறப்பதில் தனித்துறவிற்கு இல்லாத ஒரு பூரணமும் உண்டு என்பதே. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. போகிறவர்கள் தம் பெருமையையும், தமக்கே எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தையும், தம் நாட்டின் வழக்கமே உலகத்தின் வழக்கம் என்ற மயக்கத்தையும் புறப்படும்போதே விட்டுவிட வேண்டும். அவற்றைக் கூடவே கொண்டுபோகிறவர்கள் எத்தனை கடல் கடந்தாலும் வீட்டை விட்டு வெளியேறாதவர்கள். அவர்களால் தீவிற்கு விளையும் நன்மையைவிடச் சுமையே அதிகம். அவற்றை விட்டுவிட்டவர்களோ, ஊழியக் காலம் முடிந்து திரும்பும்போது, தாம் தொடங்கிய வேலையைத் தீவினர் தம்மைவிட நன்றாகச் செய்வதைக் கண்டு மகிழக்கூடியவர்கள். தம்மை அவசியமற்றவராக்கிக்கொள்ளும் அளவிற்குத் தொண்டு செய்வதே தொண்டின் நிறைவு.

நம்மில் எல்லாரும் பசிபிக் மகாசமுத்திரத்திற்குப் போக வேண்டியதில்லை, போகவும் இயலாது. ஆனால் ஓய்வு பெற்ற தம்பதிகள் நம் ஊர்களிலும் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். அவர்களுடைய உடலில் இன்னும் வலு இருக்கிறது, உள்ளத்தில் அநுபவம் இருக்கிறது, கையில் காலம் இருக்கிறது. இவை மூன்றையும் தொலைக்காட்சியின் முன்னும், பிள்ளைகளின் அழைப்பிற்குக் காத்திருப்பதிலும் செலவிட்டுத் தீர்ப்பதா, இல்லையேல் கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டு, தம்மைவிட இளையவர் ஒருவரின் கீழ் நின்று, முகமறியாத மக்களுக்கு ஓராண்டேனும் உழைப்பதா என்பதை இருவரும் கூடியிருந்து ஆலோசிக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய வாசகர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அவரிடம் என் வேண்டுகோள் ஒன்றே: இன்று மாலை உங்கள் துணைவரிடம் இதைப் பேசுங்கள், உடல் ஒத்துழைக்கும் காலத்திலேயே முடிவு செய்யுங்கள்.